ஒட்டாத மூன்று

அந்த வீட்டில் எந்தப் பொருளும் நீண்ட நேரம் உடைந்து கிடந்ததில்லை. கைப்பிடி போன ஜாடி, கால் ஆடும் நாற்காலி, அடி பிரிந்த செருப்பு, எதுவானாலும் மாமா கையில் எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்ப்பார். "ஆயுசு கெட்டி. பிழைச்சுக்கும்" என்று டாக்டர் தோரணையில் சொல்வார். மறுநாள் காலையில் அது தன் வேலைக்குத் திரும்பியிருக்கும். இப்போதோ சமையலறை ஜன்னலோரம் ஒரு ஜாடி தன் கைப்பிடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்து மூடி பிளந்த டப்பா. அதற்கடுத்து அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. வராத ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகளைப் போல மூன்றும் வரிசையாக.

தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மாமா அவளுடைய அக்காவின் கணவர். வேலை கிடைத்த நாளிலிருந்து அவள் இருப்பது அவர்கள் வீட்டு மாடி அறையில்தான். இருவருக்கும் ஒரே கம்பெனி. பேருந்துகளுக்கான பாகங்கள் செய்கிற இடம். மாமா கீழே சோதனைக்கூடத்தில் மாதிரித் துண்டுகளை ஒட்டிக் கொடுப்பவர். அவள் மேலே கணினிமுன் உட்கார்ந்து, இன்னும் செய்யப்படாத பொருள் எந்த இடத்தில் உடையும் என்று கணக்கிட்டுச் சொல்பவள். அதனால் அவர் அவளுக்கு வைத்த பெயர் ஜோசியக்காரி.

"நாங்க உடைச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம். எங்க ஜோசியக்காரி உடையறதுக்கு முன்னாடியே சொல்லிடுவா. சம்பளமும் அவளுக்குத்தான் அதிகம்" என்று விருந்தாளிகளிடம் பெருமையாக அலுத்துக்கொள்வார். காலையில் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது, "ஜோசியக்காரி, இன்னைக்கு டயர் பஞ்சராகுமா, ஆகாதா? பார்த்துச் சொல்லிட்டு ஏறு" என்பார். வழி நெடுகப் பேச்சு ஓயாது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருவதால் பாதி வார்த்தை காற்றோடு போகும். மீதிப் பாதிக்கே அவள் சிரித்து முடித்திருக்க மாட்டாள், அலுவலகம் வந்துவிடும்.

இரண்டு மாதமாக அவர் பேசவில்லை. கோபம் என்று சொல்வதற்கில்லை. "ஏறு" என்பார், "இறங்கு" என்பார். இடையில் ஒரு முதுகு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

காரணம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள் பேருந்தில் ஏறுவதற்கான சாய்பலகை அது. கதவு திறந்ததும் நாக்கு நீட்டுவதுபோல் வெளியே வரும். பழைய பலகையில் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்திருந்தார்கள். புதியதில் பசை மட்டும்தான். எடை குறையும், ஓட்டை போடும் வேலை மிச்சம். பசை தாங்குமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவள்.

பொருளைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது அவள் தொழில். கணக்கு முடிந்து திரையில் நிறங்கள் பரவும்போது, விமானத்திலிருந்து பார்க்கிற அந்திநேரத்து ஊர் போலிருக்கும். பத்திரமான இடமெல்லாம் நீலம், ஆபத்து வர வர மஞ்சள், பிறகு சிவப்பு. அந்த ஊருக்குள் யாரோ குடியிருப்பதாகக்கூட அவள் சில சமயம் நினைத்துக்கொள்வாள். சிவப்புத் தெருவில் வீடு கிடைத்தவர்கள் பாவம்.

தகட்டைப் பற்றி எல்லாமே கையேட்டில் இருந்தது. பசை அப்படியில்லை. பசை விற்பவர்கள் கொடுத்த தாளில் ஒரே ஒரு பலம் போட்டிருந்தது: இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டி, இரு முனையிலும் பிடித்து இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று. அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அவள் போடவில்லை. அந்த இழுப்பில் பட்டையும் சேர்ந்து வளைகிறது, எனவே அது பசையின் எண் மட்டும் இல்லை. தடிமனான பட்டை போட்டால் வேறு எண் வரும். ஒரு வெடிப்பு ஓரத்தில் தொடங்கி எப்படி உள்ளே ஓடுகிறது என்பதுதான் தனக்கு வேண்டும் என்று வாதாடி, வேறொரு சோதனை கேட்டு வாங்கினாள். இரண்டு நீளப் பட்டைகளை ஒட்டி, ஒரு முனையை மட்டும் ஒட்டாமல் விட்டு, அந்த வாயை இயந்திரம் மெல்லப் பிளக்கும். சோதனைக்கூடத்தில் அதற்குப் பெயர் முதலை.

"எட்டு முதலை வேணுமாம் நம்ம ஜோசியக்காரிக்கு. பல்லு வெச்சதா, வெக்காததா?" என்று கேட்டுக்கொண்டே மாமா எட்டையும் ஒட்டினார்.

எட்டில் ஐந்து ஒழுங்காகக் கிழிந்தன. பசை நடுவில் பிளந்து, இரண்டு பட்டையிலும் பாதிப் பாதி ஒட்டியிருந்தது. நல்ல சாவு என்பார்கள் அதை. மற்ற மூன்றும் வாயைத் திறந்த வேகத்தில் முழுதாகக் கழன்றுவந்தன. ஒரு பட்டையில் பசை அத்தனையும் இருந்தது, மறு பட்டை துடைத்துவைத்த தட்டுப்போல் வெறுமையாக. பலமும் பாதிக்கும் கீழே.

அந்த மூன்றைச் சேர்த்தால் அவள் வரைபடம் பிய்ந்த கூரை மாதிரி ஆயிற்று. கணக்கு நடுவழியில் நின்று நின்று போயிற்று. ஓடிய அளவுக்கும் பலகையின் கீல் ஓரம் சிவந்தது. மூன்றையும் நீக்கினால் எல்லாம் நீலம்.

நீக்கலாம் என்று புத்தகமும் சொன்னது. பசையின் குணம் வேண்டுமென்றால் பசைக்குள் கிழிந்ததை எடு. தகட்டிலிருந்து கழன்றது பசையைப் பற்றிப் பேசவில்லை, தகட்டின் முகத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் ஏன் கழன்றது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நீக்க வேண்டும். கணினியும் அதைத்தான் கேட்டது: காரணம் என்ன? இயந்திரக் கோளாறு, பிடி நழுவல், மாதிரி தயாரிப்பில் பிழை, பிற. 'பிற' என்று தொட்டால் விளக்கம் எழுத வேண்டும், மேலாளர் ஒப்புதல் வாங்க வேண்டும். மேலாளருக்கு எல்லாமே வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அதனால் அவர் பெயரே வெள்ளிக்கிழமை. அன்று வியாழன்.

அவள் 'மாதிரி தயாரிப்பில் பிழை' என்பதைத் தொட்டாள். தொடும்போது மாமாவின் முகம் மனதில் வரவில்லை. அவர் கைகள் வந்தன. பசை கலக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளும் கைகள். சரி, ஒரு வரிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அடுத்த திரைக்குப் போய்விட்டாள்.

கணினி பார்த்தது. தானாகவே சோதனைக்கூடத்துக்குத் தகவல் போயிற்று. எட்டில் மூன்று பிழை என்றால், ஒட்டியவர் மறுபயிற்சி எடுக்கும்வரை மாதிரி செய்யக் கூடாது என்பது விதி. மாமாவைச் சரக்கு வந்து இறங்கும் இடத்துக்கு அனுப்பினார்கள், பெட்டி பிரித்து அடுக்க. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். வெள்ளிக்கிழமை சார் நீலப் படத்தைப் பார்த்து, "இதான்மா எனக்கு வேணும்" என்று அவள் தோளைத் தட்டாத குறை.

அவர் வந்து சண்டை போட்டிருந்தால் அவள் அன்றே அழுது உண்மையைச் சொல்லியிருப்பாள். அவர் என்ன செய்தார் என்றால், நம்பிவிட்டார். சாப்பிடும்போது நடுநடுவே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஜாடி உடைந்தபோது, "புதுசு வாங்கிக்கலாம்" என்றார். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை காலை, அவர் குளிக்கப் போயிருந்த நேரம், அக்கா அவளை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"உங்க மாமா திங்கட்கிழமை எழுதிக் குடுக்கப்போறாராம்டி."

"என்னத்த?"

"லேப் வேலையே வேண்டாம்னு. பெட்டி அடுக்கற எடத்துலயே நிரந்தரமாப் போட்டுடுங்கன்னு. மறுபயிற்சிக்குக் கூப்பிட்டதுக்கு, 'என் கையில இனிமே எதுவும் ஒட்டாது'ங்கறார். இந்த மனுஷன் பேசற பேச்சா இது? நீ அங்கதானே இருக்க, என்னதான்டி ஆச்சு?"

"தெரியலக்கா" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அக்கா எடுத்துவைத்த டிபன் டப்பாவையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை என்பது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தோன்றியது.

அன்று மதியம் அவள் சோதனைக்கூடத்துக்குப் போனது நல்ல எண்ணத்தோடு அல்ல. உடைந்த மாதிரிகளை ஒரு வருடம் வரை பெட்டியில் போட்டுவைப்பார்கள். அந்த மூன்றையும் பார்க்க வேண்டும். அவற்றில் ஒரு விரல்ரேகையோ ஒரு காற்றுக் குமிழோ, ஏதாவது ஒன்று அவர் தப்பாக இருந்துவிட வேண்டும். இருந்தால் அவள் பொய் சொன்னவள் ஆக மாட்டாள். அவசரத்தில் சரியாகச் சொன்னவள் ஆவாள். தன் வீட்டு மனிதர் குற்றவாளியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு அவள் பெட்டியைத் திறந்தாள்.

விளக்கின் கீழே மூன்று வெற்றுப் பட்டைகளையும் பசை தங்கிய அவற்றின் ஜோடிகளையும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகை இல்லை. குமிழ் இல்லை. பசையின் தடிமன் ஓரம்வரை ஒரே சீராக, கோடு கிழித்த மாதிரி. அப்போதுதான் வெற்றுப் பட்டை ஒன்றின் வெட்டு ஓரத்தில், பசை படாத இடத்தில், வெங்காயச் சருகுபோல் ஏதோ ஆடியதைக் கண்டாள். நகத்தால் இழுத்தாள். பிளாஸ்டிக். கீறல் விழாமலிருக்கத் தகட்டின்மேல் ஒட்டி அனுப்பும் மெல்லிய உறை. உரித்தபின் ஓரத்தில் தங்கிய துணுக்கு. இரண்டாவது பட்டையிலும் இருந்தது. மூன்றாவதிலும். ஒழுங்காகக் கிழிந்த ஐந்தில் ஒன்றிலும் இல்லை.

உறையை உரித்தாலும் அதன் பிசுபிசுப்பு தகட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும். ஒருமுறை துடைத்தால் போகாது. ஒருமுறை துடைக்கவும் என்றுதான் செய்முறையில் இருந்தது. தொழிற்சாலையிலும் அதே ஒருமுறைதான். மாமா சொன்னபடி செய்திருக்கிறார், எட்டுக்கும் ஒரேமாதிரி.

அவள் அங்கேயே நின்றுகொண்டு கிடங்குப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அண்ணே, சாய்பலகைத் தகடு... பிளாஸ்டிக் ஒட்டினதும் வருதா?"

"வருதாவா? இனிமே அது மட்டும்தான் வரும். மொதல்ல கொஞ்சம் வெறுந்தகடு வந்துச்சு, தீர்ந்துபோச்சு. கீறல் விழுது, கீறல் விழுதுன்னு உங்க ஆளுங்கதானே குதிச்சீங்க? இப்ப பிளாஸ்டிக் வேணாம்னு குதிக்கப்போறீங்களா?"

அவள் தொலைபேசியை வைத்தாள். ஓடப்போகிற பேருந்துகளில் எல்லாம் அந்த மூன்றின் தகடுதான். அவள் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்ட ஐந்தும் இனிமேல் எங்குமே இல்லாத தகட்டின் ஐந்து.

மேலே வந்து மூன்றை மட்டும் வைத்துக் கணக்கை ஓட்டினாள். இந்தமுறை அது திணறவில்லை. சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் பலகையில் ஏறும் அந்தச் சின்ன அதிர்வில், கீல் ஓரத்தில் ஒரு புள்ளி சிவந்தது. அடுத்த அடியில் ஓரம் முழுக்க. பிறகு அந்தச் சிவப்பு, பசை ஒட்டிய இடத்தின் வழியே, ஊருக்குள் நெருப்பு புகுவதுபோல், உள்ளே ஓடியது. பலகைமேல் யார் இருப்பார்கள் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஒருவர். மடியில் பையை வைத்துக்கொண்டு ஒருவர்.

எல்லாவற்றையும் சரிபார்த்து எழுத இரண்டு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாரை வெள்ளிக்கிழமையே பார்த்தாள்.

"முடிஞ்ச விஷயத்தை ஏன்மா தோண்டற?" என்றார் அவர். கெட்டவர் இல்லை, தூக்கம் போதாதவர். "ரிவெட் வேணாம்னுதானே பசைக்கு வந்தோம்? இப்ப என்ன, மறுபடியும் ரிவெட்டா?"

"ஓரத்துல மட்டும் போடணும் சார். இல்லன்னா தகட்டை வேற மாதிரி சுத்தம் பண்ணணும். அதுக்குப் புதுசா டெஸ்ட் எடுக்கணும்."

"அந்த மூணும் தயாரிப்புப் பிழைன்னு நீதானே போட்ட? அப்ப அது என்ன?"

"பொய் சார்."

அவர் கதவைப் பார்த்தார், மூடியிருக்கிறதா என்று. "பொய்ன்னு சொல்லாத. அவசரம்னு சொல்லு."

"அவசரத்துல சொன்ன பொய் சார்."

அதன்பிறகு நடந்தது நீளமாகவும் சாதாரணமாகவும் இருந்தது. பலகை நிறுத்திவைக்கப்பட்டது. அவள் ஆசையாக எதிர்பார்த்திருந்த அடுத்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய தகவலைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி எழுத அவர் ஒப்புக்கொண்டார். வெளியே வந்தபோது பாரம் குறையும் என்று எதிர்பார்த்தாள். குறையவில்லை. இன்னும் சொல்ல வேண்டியவர் வாசலில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

சாலையில் மாலைக் கூட்டம். முதல் சிக்னலில் அவள் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள், "மாமா, அந்த மூணு முதலை..."

"என்ன? கேக்கல."

"அந்த மூணு முதலை!"

பக்கத்து வண்டிக்காரர் சாலையோரக் கால்வாயை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அது உங்க தப்பு இல்ல மாமா! நான்தான் பொய்க் காரணம் போட்டேன்!"

பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மாமா வண்டியை எடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, பூட்டியிருந்த ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இப்ப சொல்லு. மெதுவா."

சொன்னாள். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். பிளாஸ்டிக் என்று வந்த இடத்தில் சுற்றுவதை நிறுத்தினார்.

"அந்தப் பிளாஸ்டிக் விஷயம் அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியாது மாமா. சத்தியமா."

"அப்ப, என் கைத்தப்புன்னு நெனச்சுதான் போட்டியா?"

தப்பிக்க ஒரு வாசல் திறந்தது. ஆமாம் என்றால் போதும். அறியாமல் செய்த பிழையாகப் போய்விடும். அவரே திறந்துவைத்த வாசல். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்ல மாமா. அப்படி நெனைக்கவே இல்ல. எது சுலபமோ அதைப் போட்டேன்."

மாமா கடையின் இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வீட்டுலதானே இருக்கேன். தினமும் எதிர்ல உக்காந்துதானே சாப்பிடறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. இங்கே அழுதால் அவர்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"டம்ளர் நெறைய தண்ணி ஊத்தி, கையில பிடிச்சுக்கிட்டு, தளும்புதான்னு பார்ப்பேன். நரம்பு டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன். ஒண்ணும் இல்லைன்னாரு. நம்பல நான்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "உங்கக்காவுக்குத் தெரியாது, சொல்லிடாத. ஏறு. தேடுவா."

டாக்டர் விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்றே அவள் அக்காவிடம் சொன்னாள். அக்கா திட்டவில்லை. அவள் தட்டில் போட வேண்டியதைப் போட்டாள், முகத்தைப் பார்க்காமல். அடுத்த வாரம் முழுவதும் அப்படித்தான். மாமா மட்டும், "விடு, விடு. அதான் சரியாயிடுச்சுல்ல" என்று அக்காவிடம் பரிந்து பேசினார். அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

திங்கட்கிழமை அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து டப்பா மூடி ஒட்டியிருந்தது, கண்ணாடிக் கூடும். ஜாடியை இன்னும் எடுக்கவில்லை.

புதிய மாதிரிகள் தயாரானபோது அவளும் கீழே போய் நின்றாள். இந்தமுறை எல்லாமே உறை போட்டு வந்த தகட்டில். எட்டில் பாதிக்கு வழக்கம்போல் ஒருமுறைத் துடைப்பு, மீதிப் பாதிக்குத் தேய்த்துக் கழுவிய முகம். மாமா ஒருமுறை துடைத்ததில் முதல் முதலையின் வாயை இயந்திரத்தில் மாட்டினார். கை நடுங்கவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். எது உடையும்னு சொல்லு ஜோசியக்காரி, என்று.

அவர் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தடவை எல்லாத்தையும் எடுத்துப்பீங்களா?"

வீட்டிலோ வண்டியிலோ ஒருநாளும் அவளிடம் வராத மரியாதை அது. அவள் தலை குனிந்தது.

"எடுத்துப்பேன் மாமா. ஒண்ணு விடாம."

இயந்திரம் முனகியது. முதலை மெல்ல வாயைத் திறந்தது, இன்னும் கொஞ்சம் திறந்தது, பிறகு சட்டென்று ஒரு சத்தத்தோடு முழுதாகக் கழன்றது. மாமா பட்டையை விளக்கில் காட்டினார். பசையின் சுவடே இல்லை. அவர் முகம் தெரியும் அளவுக்கு வெறுமை.

திரையில் எண் வந்து நின்றது. பழைய மூன்றையும்விடக் குறைவு. அவள் அதை முதல் வரியில் எழுதினாள்.

"அடுத்தது" என்றார் மாமா.